குடத்துக்குச் சீட்டுப் போடவில்லையே

பாலக்கோடு,
ஞாயிறு இரவு

மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாச்சு. தக்காளி விலை கேட்டிருந்தாய், அதை விடு. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான்.

இப்போது என் ராத்திரியைத் தின்பது அண்ணன் மகளின் ஆய்வுத் திட்டம். போர்த் தண்ணீரில் ஃப்ளோரைடு உப்பு அதிகமாகி, பல்லில் பழுப்புக் கோடு விழுந்த நம்ம ஊர்ப் பிள்ளைகளைப் பற்றியது. (சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வாயே, அதே கோடு.) 20 பள்ளிகள், பள்ளிக்கு 30 பிள்ளைகள். சீட்டுக் குலுக்கிப் பாதிப் பள்ளிகளுக்கு இப்போதே ஃப்ளோரைடு பாடம், மீதிக்கு அடுத்த வருஷம். பாடம் கேட்ட பிள்ளை போர்த் தண்ணீரை விட்டுத் தெருக்குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீருக்கு மாறும், அதனால் சிறுநீரில் ஃப்ளோரைடு குறையும் என்பது அவள் கணக்கு.

"600 பேர் போதாதா சித்தப்பா?" என்றாள். ஒரே பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரே வாத்தியார், பாதிப் பேருக்கு ஒரே குழாயடி. ஒரு பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருக்கும் அந்த ஒட்டுறவு (0 முதல் 1 வரை அளப்பது) வெறும் 0.05 என்றாலே, 30 பேரில் தன்னைத் தவிர 29 பேர் என்று 1 + 29 × 0.05 = 2.45. 600ஐ இதால் வகுத்துப் பார். 600 பேர் 245 பேருக்குத்தான் சமம். முகம் சுருங்கிப் போச்சு.

அதுகூடப் பரவாயில்லை. பாடத்துக்குச் சீட்டுப் போட்டாள். எந்த வீட்டுக் குடத்தில் எந்தத் தண்ணீர் என்பதற்குப் போடவில்லையே! தெருக்குழாய் பக்கத்திலேயே இருந்தால் பாடம் இல்லாமலே குடம் மாறும். அம்மா படித்த வீட்டில் சாப்பாடும் வேறு. பாலும் கேழ்வரகும் சேர்ந்தால் உடம்பு ஃப்ளோரைடை உறிஞ்சுவதே குறையும். வேடிக்கை, அவள் பாடத்திலேயே சாப்பாட்டுக்கு ஒரு பக்கம் இருக்கிறது; குறைந்தது தண்ணீராலா சாப்பாட்டாலா என்று எப்படிப் பிரிப்பது? இந்த லட்சணத்தில், பாரன் (Baron), கென்னி (Kenny) என்ற உளவியலாளர்கள் 1986இல் காட்டிய பாணியில், நடுவில் நிற்கும் காரணத்தைப் பிரித்துக் காட்டும் சமன்பாடு போட்டு, குறைந்ததில் இவ்வளவு தண்ணீரால் என்று எப்படி எழுதுவது?

குழாய் தூரம், அம்மா படிப்பு, சாப்பாடு எல்லாவற்றையும் பாடத்துக்கு முன்பே குறித்துக்கொள்ளச் சொன்னேன்; சாப்பாட்டைப் பிறகும் ஒருமுறை. ஒருத்தி குடத்தை மாற்றினால் தோழி வீட்டிலும் மாறும். அதனால் சமன்பாட்டில் பள்ளியின் சராசரியைத் தனியாகவும், பிள்ளை அதிலிருந்து விலகுவதைத் தனியாகவும் போடணும். முடிவு எவ்வளவு ஆடும் என்று பார்க்க, இருக்கும் தரவிலிருந்தே திரும்பத் திரும்ப மறுமாதிரி எடுக்கும்போது பிள்ளைகளைப் பொறுக்காமல் பள்ளி பள்ளியாக எடுக்கணும். அப்புறமும் கண்ணில் படாத காரணம் ஒன்று எவ்வளவு வலுவாக இருந்தால் முடிவு கவிழும் என்று போட்டுப் பார்க்கணும்.

"பேசாமல் குடத்துக்கும் சீட்டுப் போட்டு, சில வீட்டுக்கு மட்டும் கேன் தண்ணீர் கொடுத்தால்?" என்றாள். கணக்குக்குச் சரி. சீட்டு விழாத வீட்டு வாசலில் போய் நிற்கப்போவது யார் என்று கேட்டேன்; பதில் இல்லை.

நீ சின்ன வயசில் எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்தாய் என்று கேட்கச் சொன்னாள். மறக்காமல் எழுது.

உன் மாப்ளே