அந்தப் பெண்ணின் பென் டிரைவ் மட்டும் காரணமல்ல

மதுரை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனம் நிறைந்தது. மற்ற செய்திகளை நேரில் பேசிக்கொள்வோம். அச்சகத்தில் நடந்ததைப் பற்றி நீ எழுதியிருந்த இரண்டு பக்கங்களையும் மூன்று முறை படித்தேன். ஏழு கணினிகளும் ஒரே வாரத்தில் மந்தமாகிவிட்டன. மற்ற தளங்கள் எல்லாம் திறக்கும்போது வைரஸ் தடுப்பு நிறுவனங்களின் தளங்கள் மட்டும் திறக்க மறுக்கின்றன. சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் கணக்கு பூட்டப்பட்டுவிட்டது என்று சர்வர் சொல்கிறது. சோதித்துப் பார்த்த பையன் 'கான்ஃபிக்கர்' என்று பெயர் சொல்லிவிட்டுப் போனான். இவை அனைத்துக்கும் கணினியில் பக்கம் அமைக்கும் டி.டி.பி. வேலை செய்யும் அந்தப் பெண் யாருடைய பென் டிரைவையோ செருகியதுதான் காரணம் என்று முடிவு கட்டி, உங்கள் முதலாளி அவளுடைய சம்பளத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு வருத்தமாக இருக்கிறது. கான்ஃபிக்கர் என்ற அந்தப் புழுவோடு ஒரு மாதம் போராடியவன் என்பதால், எனக்குத் தெரிந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். வைரஸ் என்பது இன்னொரு நிரலுடன் ஒட்டிக்கொண்டு, யாராவது அந்த நிரலை இயக்கும்வரை காத்திருப்பது. புழு அப்படிக் காத்திருப்பதில்லை. அது தானே ஒரு முழு நிரல். ஒரு கணினியில் இயங்கத் தொடங்கியதும் கணினிகளை இணைக்கும் வலையில் அடுத்த கணினியைத் தேடிக் கண்டுபிடித்து, தன் நகலை அங்கே அனுப்பி, அங்கேயும் இயங்கத் தொடங்குகிறது. 1988 நவம்பரில் ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் வெளியிட்ட புழு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் யூனிக்ஸ் கணினிகளை இப்படித்தான் திணறடித்தது. ஆகவே "யார் எதைத் திறந்தார்கள்?" என்று உங்கள் முதலாளி கேட்ட கேள்வி வைரஸைப் பற்றிய கேள்வி. புழுவிடம் கேட்க வேண்டியது, எந்தக் கதவு திறந்து கிடந்தது என்பதை.

கான்ஃபிக்கர் நுழைந்த முதல் கதவு விண்டோஸின் 'சர்வர்' என்ற சேவையில் இருந்தது. ஒரு கணினியின் கோப்புறைகளையும் பிரிண்டரையும் மற்றக் கணினிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் சேவை அது. வலையிலிருந்து வரும் செய்திகளுக்கு எண்ணிட்ட வாசல் போன்றவை போர்ட்டுகள்; அவற்றில் 445 என்ற எண்ணுள்ள போர்ட்டில் எப்போதும் காது கொடுத்துக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து வரும் கோப்புப் பாதை ஒன்றைச் சீர்ப்படுத்துவதும் அதன் வேலைகளில் ஒன்று. பாதையின் நடுவே 'ஒரு படி மேலே போ' என்ற பொருளில் இரண்டு புள்ளிகள் வந்தால், அவற்றை நீக்கிவிட்டு அதற்கு முந்தைய சாய்கோட்டைப் பின்னோக்கித் தேட வேண்டும். அந்தத் தேடல் பாதையின் தொடக்கத்தில் நின்றுவிடும் என்று உறுதி செய்யத் தவறிவிட்டார்கள். குறும்பாக வடிவமைத்த ஒரு பாதையை அனுப்பினால், தேடல் தன் எல்லையைத் தாண்டி நினைவகத்தில் தனக்குச் சொந்தமில்லாத இடத்துக்குப் போய், அங்கே இருந்ததை அழித்து எழுதும். அப்படி எழுதப்படும் இடத்தில் தாக்குபவனின் கட்டளை உட்கார்ந்துவிடும். விண்டோஸின் பழைய பதிப்பான எக்ஸ்பி ஓடும் கணினிகளில் இதற்குப் பயனர் பெயரும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம். கணினி மின்சாரத்தோடும் வலையோடும் இணைந்திருந்தால் போதும். அதன் முன்னால் ஆள் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

உள்ளே போன அந்தச் சிறு கட்டளை செய்வது ஒன்றே ஒன்று. தன்னை அனுப்பிய கணினியையே தொடர்புகொண்டு, முழுப் புழுவையும், வேறு நிரல்கள் ஏற்றி இயக்கும் டி.எல்.எல். வகைக் கோப்பாக இறக்கிக்கொள்கிறது. இதற்காகவே பாதிக்கப்பட்ட ஒவ்வொரு கணினியும் ஏதோ ஒரு போர்ட்டில் ஒரு சிறிய வலைச் சர்வரைத் திறந்து வைத்திருக்கும். இறங்கிய கோப்பு பொருளற்ற எழுத்துகளால் ஆன ஒரு பெயரோடு சிஸ்டம் கோப்புறையில் குடியேறி, விண்டோஸின் இயல்பான சேவைகளோடு சேர்ந்து ஓடத் தொடங்கும். அதன் பிறகு அது செய்வதுதான் என்னை அன்று வியக்க வைத்தது: தான் வந்த ஓட்டையை நினைவகத்தில் தானே அடைத்துவிடுகிறது. வேறு புழு எதுவும் அதே வழியில் வந்து தன் இடத்தைப் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக. கூடவே விண்டோஸ் அப்டேட்டை நிறுத்திவிடுகிறது, பாதுகாப்பு நிறுவனங்களின் பெயர் உள்ள முகவரிகளைத் தேடவே விடாமல் தடுக்கிறது. நீ பார்த்த அந்தத் திறக்காத தளங்கள் இதன் அடையாளம்.

அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தமான பேட்சை மைக்ரோசாஃப்ட் 2008 அக்டோபர் 23 அன்று வெளியிட்டது. மாதத்துக்கு ஒரு முறை வெளியிடும் வழக்கத்தை மீறி, அவசரமாக வெளியிட்டது. புழு வெளிவந்தது நவம்பர் மூன்றாவது வாரத்தில். ஏறத்தாழ நான்கு வாரங்கள் இடைவெளி இருந்தும் பல லட்சம் கணினிகள் மாட்டிக்கொண்டன. அலட்சியம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகர மருத்துவமனைகளில் 800க்கும் மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டபோது வெளிவந்த செய்தி நினைவிருக்கிறது: அறுவைச் சிகிச்சை அறையிலிருந்த கணினிகள் அப்டேட்டுக்குப் பிறகு தாமாகவே அணைந்து எழுந்ததால், தானாக அப்டேட் ஆகும் வசதியை நிறுத்தி வைத்திருந்தார்களாம். நம் ஊர்களில் காரணம் வேறாக இருந்தது. உரிமம் இல்லாத விண்டோஸைப் போட்டுக்கொண்டு, அப்டேட் செய்தால் மாட்டிக்கொள்வோம் என்று அஞ்சி அதை அணைத்து வைத்த கடைகளை நானே நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் அச்சகத்தில் என்ன காரணமோ தெரியவில்லை. ஆனால் ஓட்டை அடைக்கப்படாமல் கிடந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. வெளியிலிருந்து வரும் தொடர்புகளைத் தடுக்கும் எக்ஸ்பியின் ஃபயர்வால் இயல்பாகவே 445ஐ மூடி வைக்கும் என்பது உண்மைதான். ஆனால் டி.டி.பி. கணினியில் முடித்த வேலையை, அச்சுத் தகடு எடுக்கும் பிளேட் கணினிக்கு அனுப்பக் கோப்புறைகளைப் பகிர்ந்திருக்கிறீர்கள் அல்லவா? பகிர்வை இயக்கும்போதே அந்தக் கதவும் திறந்துவிடுகிறது.

2008 டிசம்பர் இறுதியில் வந்த இரண்டாவது வடிவம் இன்னும் இரண்டு கதவுகளைக் கற்றுக்கொண்டு வந்தது. உங்களிடம் இருப்பது அதுவாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் கணக்குகள் பூட்டப்படுவது அதன் வேலை. பேட்ச் போட்ட கணினியைக்கூட அது விடுவதில்லை. அந்தக் கணினியிலுள்ள பயனர் பெயர்களை வரிசையாகக் கேட்டுப் பெற்று, தன்னிடமுள்ள பட்டியலிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட எளிய கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறது: 12345, அட்மின், பாஸ்வேர்டு என்று மனிதர்கள் வழக்கமாக வைக்கும் சொற்கள். ஒன்று பொருந்தினால் தன் நகலை அங்கே வைத்து, குறித்த நேரத்தில் அது இயங்கும்படி விண்டோஸின் நேர அட்டவணையிலேயே ஒரு வேலையாகப் பதிந்துவிடுகிறது. பொருந்தாவிட்டால், தவறான முயற்சிகள் எல்லை மீறி, உரிமையுள்ளவனே உள்ளே போக முடியாமல் கணக்கு பூட்டிக்கொள்கிறது.

இதில் நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். 2009 ஜனவரியில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நாற்பது கணினிகள். புழு வந்துவிட்டது என்று தெரிந்ததும், நிர்வாகி கணக்கில் ஒவ்வொரு கணினியிலும் நுழைந்து சுத்தம் செய்யும்படி எங்களுக்குச் சொன்னார்கள். அப்படியே செய்தோம். கடவுச்சொற்களைச் சோதிப்பதற்கு முன்னால், அந்த நேரத்தில் கணினியில் யார் நுழைந்திருக்கிறார்களோ அவர்களுடைய அதிகாரத்தை வைத்தே மற்றக் கணினிகளுக்குள் போக அது முயலும் என்பது எங்களுக்குத் தெரியாது. நிர்வாகி நுழைந்திருக்கிற கணினியில் இருந்த புழுவுக்கு வலை முழுவதற்குமான சாவி கிடைத்துவிட்டது. வலைக் கம்பியையும் நாங்கள் பிடுங்கவில்லை. மூன்றாவது கணினியைச் சுத்தம் செய்து முடிக்கும்போது முதல் கணினி மறுபடியும் பாதிக்கப்பட்டிருந்தது. நான்கு நாள் இரவும் பகலும் அப்படியே போயிற்று. அங்கேயும் கடைசியில் பழி ஒரு மாணவன் தலையில்தான் விழுந்தது; அவன் பக்கம் பேச அன்று என்னிடம் இந்த விளக்கம் இல்லை. அது இன்னும் என்னை உறுத்துகிறது.

மூன்றாவது கதவுதான் பென் டிரைவ். செருகியதும் எதை இயக்க வேண்டும் என்று விண்டோஸுக்குச் சொல்லும் ஆட்டோரன் கோப்பொன்றை அதில் எழுதி, மறுசுழற்சிக் கோப்புறை போன்ற பெயருள்ள ஓர் இடத்தில் தன்னை மறைத்துக்கொள்ளும். செருகியதும் என்ன செய்ய வேண்டும் என்று விண்டோஸ் கேட்கும் பட்டியலில் 'கோப்புகளைப் பார்க்கக் கோப்புறையைத் திற' என்ற வரி இரண்டு முறை வரும். கீழே இருப்பது விண்டோஸின் உண்மையான வரி. மேலே அதே சொற்களோடும் அதே கோப்புறைப் படத்தோடும் இருப்பது புழுவின் வரி. அதை அழுத்தினால் புழு இயங்கிவிடும். கண்ணைத் தீட்டிக்கொண்டு பார்த்தாலும் வேறுபாடு எளிதில் தெரியாது. விண்டோஸ் 7 பென் டிரைவில் ஆட்டோரனை எடுத்துவிட்டது. அதற்கு முந்தைய எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் 2011 பிப்ரவரியில்தான் அந்தத் திருத்தம் அப்டேட்டாக வந்தது. வாடிக்கையாளர் கொண்டுவரும் திருமண அழைப்பிதழையும் நோட்டீஸையும் பென் டிரைவில் வாங்கித் திறப்பதே அந்தப் பெண்ணின் வேலை. நாளொன்றுக்கு இருபது பென் டிரைவ் செருகச் சொல்லிவிட்டு, இருபத்தொன்றாவதைச் செருகியதற்குச் சம்பளத்தைப் பிடிப்பது எந்த நியாயத்தில் சேரும்? ஒருவேளை அந்த வழியாகவே முதல் நகல் வந்திருந்தாலும், அவள் கணினியிலிருந்து மற்ற ஆறுக்கும் அது போனது அவள் கையால் அல்ல.

புழுக் கோப்பின் தேதியைப் பார்த்தால் எந்தக் கணினியில் முதலில் வந்தது என்று கண்டுபிடிக்கலாமா என்று கேட்டிருந்தாய். முடியாது. தன் கோப்பின் தேதியை விண்டோஸின் அடிப்படைக் கோப்புகளில் ஒன்றான கெர்னல்32இன் தேதியோடு ஒத்திருக்கும்படி அது மாற்றிவிடுகிறது. விண்டோஸோடு சேர்ந்தே வந்த கோப்பு போல அது காட்சி தரும். அந்தத் தேதியை ஆதாரமாகக் காட்டி யாராவது அவளைக் குற்றம் சொன்னால் நீ நம்பாதே. பூட்டப்பட்ட கணக்குகளின் பதிவு சர்வரில் இருக்கும். தவறான முயற்சிகள் முதலில் எந்தக் கணினியிலிருந்து வந்தன என்பதை அதில் ஓரளவு பார்க்கலாம். அதை மட்டும் யாரும் அழிக்காமல் பார்த்துக்கொள்.

இத்தனை கணினிகளைப் பிடித்து எதற்கு என்றும் கேட்டிருந்தாய். ஆணைக்குக் காத்திருக்கும் படையாக வைத்துக்கொள்ளத்தான். புழு நாள்தோறும் தேதியை வைத்துக் கணக்குப் போட்டு 250 இணையதளப் பெயர்களை உருவாக்கும். அவற்றில் ஏதாவது ஒன்றில் தன் எசமானன் ஆணை வைத்திருக்கிறானா என்று போய்ப் பார்க்கும். பாதுகாப்பு ஆய்வாளர்கள் அந்தக் கணக்கைக் கண்டறிந்து, பெயர்களை முன்கூட்டியே தாங்கள் பதிவு செய்துகொண்டார்கள். உடனே 2009 மார்ச்சில் வந்த வடிவம், ஏப்ரல் 1 முதல் நாளுக்கு 50,000 பெயர்கள் என்று கணக்கை மாற்றியது. எசமானனின் ஆணைதானா என்று டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்த்த பிறகே அது ஏற்கும் என்பதால், பெயரைக் கைப்பற்றியவர்களாலும் அதை அணைத்துவிட முடியவில்லை. புழுவை எழுதியவர்களைப் பிடிக்கத் தகவல் தருபவருக்கு 2,50,000 டாலர் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. முதல் வடிவம் உக்ரைன் மொழி விசைப்பலகை உள்ள கணினிகளை மட்டும் தொடாமல் விட்டது. அதை வைத்து ஊகங்கள் பல எழுந்தன.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலைப் பேருந்தில் நான் அங்கே வருகிறேன். அதுவரை கணினிகளின் வலைக் கம்பிகள் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியின் மின்சாரத்தை எடுத்துவிட்டு, ஏழு கணினிகளையும் வலையிலிருந்து பிரித்து வை. நிர்வாகி கணக்கில் யாரும் நுழைய வேண்டாம். பேட்சையும் நீக்கும் கருவியையும் குறுந்தகட்டில் பதிந்து கொண்டுவருகிறேன், பென் டிரைவில் கொண்டுவந்தால் அதையும் அது பிடித்துக்கொள்ளும். அந்தப் பேட்ச் எக்ஸ்பியில் சர்வீஸ் பேக் 2 அல்லது 3 என்ற திருத்தத் தொகுப்பு இருந்தால்தான் ஏறும். ஆகவே ஒவ்வொரு கணினியிலும் எது இருக்கிறது என்று குறித்து எனக்கு முன்கூட்டியே தெரிவி. பிளேட் கணினியின் மென்பொருள் எக்ஸ்பியில்தான் ஓடும் என்றால் இருக்கட்டும்; 2014 ஏப்ரலோடு எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்துவிட்டதால் அதைப் பொது வலையில் வைக்காமல் தனியாக வைப்போம், வேலையைக் குறுந்தகட்டில் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். முதலாளியிடம் நானும் உட்கார்ந்து பேசுகிறேன். அந்தப் பெண்ணையும் அன்று வரச் சொல். அவள் எதிரிலேயே அவரிடம் இதையெல்லாம் விளக்க வேண்டும் என்பது என் விருப்பம். பிடித்த சம்பளத்தைப் பற்றியும் அப்போதே கேட்டுவிடுவோம்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் விடுதித் தோழன்