பெரியவளின் கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

மாதவரம் அண்ணன் கொண்டுவந்த பையில், நெத்திலிக் கருவாட்டுக்கு அடியில் உன் கடிதம் இருந்தது. மூன்று மாதமாக நான் சரியாகப் பேசவில்லை என்று எழுதியிருக்கிறாய். தப்பு என் மேல்தான்.

கருவாடு வறுத்த அன்று ஒரே கூத்து. கீழ் வீட்டுப் பாட்டி மாடிப்படி ஜன்னல்களையெல்லாம் திறந்துபோட்டுவிட்டு வந்து கதவைத் தட்டினார். வெளியே மைனஸ் ஆறு டிகிரி! எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்தாராம். தட்டில் கொஞ்சம் வைத்துக் கொடுத்தேன். தின்றுவிட்டு "உப்பு" என்றார், அவ்வளவுதான். மறுநாள் தட்டைக் கழுவி, நாலு ஆப்பிள் வைத்துத் திருப்பித் தந்தார். வெறும் தட்டை நீயும் திருப்பித் தரமாட்டாயே, அதேதான்.

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒரு வண்டிகூட இல்லாத தெருவிலும் சிவப்பு விளக்கு எரிந்தால் அசையாமல் நிற்பார் இந்தப் பாட்டி. மீறி நடந்தால் 5 யூரோ அபராதம். ஆனால் அவர் நிற்பது அதற்காக இல்லை. பிள்ளைகள் பார்த்துக் கெட்டுப்போகுமாம்.

எங்கள் பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஏற்கெனவே கெட்டாயிற்று. ட்ராமை விட்டு இறங்கியதும் எல்லாத் தலையும் போனில் கவிழ்ந்துவிடும். எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்த்து ஒதுங்குவதில்லை, ஷூவைப் பார்த்துத்தான். இப்படி நடப்பவர்களுக்கு இங்கே 'ஸ்மோம்பி' என்று பேர், போன் பிடித்த நடைப்பிணம். 2015-ல் ஜெர்மனியில் இளைஞர் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது இதைத்தான். அடுத்த வருடம் எங்கள் ஆக்ஸ்பர்க்கில் இரண்டு ட்ராம் நிறுத்தங்களில் தரையிலேயே சிவப்பு விளக்கு பதித்தார்கள். நிமிராதவன் கண்ணுக்கு வேறு எங்கே வைப்பது?

வகுப்பில் ஓர் ஆய்வைச் சொன்னார்கள். அமெரிக்காவில் ஒரு கல்லூரி வளாகத்தில் ஒற்றைச் சக்கர சைக்கிளில் பபூனைச் சுற்றவிட்டிருக்கிறார்கள். செல்லில் பேசியபடி போனவர்களில் நாலில் ஒருவர்தான் அவனைப் பார்த்திருக்கிறார். இரண்டு பேராக நடந்தவர்களில் 71 சதவீதம் பேர் பார்த்திருக்கிறார்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் ஒருத்தர் கண்ணுக்குத் தப்பியது இன்னொருத்தருக்குப் பட்டுவிடும் போல.

தம்பி காதில் மாட்டிக்கொண்டு கொருக்குப்பேட்டையில் தண்டவாளம் தாண்டினான், கூட்ஸ் வண்டி ஹாரன் அடித்தும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாயே, அங்கேயே கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அவனைத் திட்ட எனக்கு வாய் இல்லை அம்மா. போன மாதம் நானும் அப்படித்தான் நின்றேன். காதில் உன் வாய்ஸ் மெசேஜ். பேசி முடித்துவிட்டு நீ அதை நிறுத்த மறந்திருந்தாய். குக்கர் விசில், தூரத்தில் ரயில், "மோர் இருக்கா?" என்று நைனா குரல். அந்தக் கடைசித் துண்டையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டபடி ட்ராம் தண்டவாளத்தில் காலை எடுத்து வைத்தேன். பாட்டிதான் பை வாரைப் பிடித்து இழுத்தார். ட்ராம் நம் ரயில் மாதிரி தடதடவென்று வராது. காற்று முகத்தில் அடித்த பிறகுதான் தெரிந்தது. பாட்டி திட்டவில்லை. வீடு வரை கூடவே நடந்து வந்தார்.

இதை நைனாவிடம் சொல்லாதே. நீயும் போனை உடனே நிறுத்திவிடாதே, கொஞ்ச நேரம் அடுப்படியிலேயே வை. இனி அறையில் உட்கார்ந்துதான் கேட்பேன்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. காலையில் பசிப்பதில்லை, இரண்டு வேளையே போதுகிறது. சனிக்கிழமை பேக்கரி வேலைக்குப் போகிறேன், பொழுது போகவேண்டுமே. மிஞ்சிய ரொட்டியும் தருகிறார்கள்.

அப்புறம், இந்த மாதப் பணம் பத்தாம் தேதிக்கு மேல்தான் வரும், பேங்கில் ஏதோ தாமதம். அதற்காகச் சீட்டைத் தள்ளி எடுத்துவிடாதே. தம்பி ஃபீஸ் கட்டக் கடைசி நாள் என்றைக்கு என்று எழுது. கல்மண்டபம் அத்தையிடம் வளையல் பேச்சை எடுக்கவேண்டாம், நான் பேசிக்கொள்கிறேன். நைனாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போது பழைய சீட்டையெல்லாம் மறக்காமல் எடுத்துப் போ. பீரோவில், கல்யாண ஆல்பத்துக்குக் கீழே இருக்கிறது.

உன்
பெரியவள்