விற்ற கணக்கு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹெட்போன், ஸ்பீக்கர் நிறுவனங்களின் வளர்ச்சி பற்றிய கட்டுரைகள் எத்தனை லட்சம் விற்றது, விளம்பரத்தில் யார் வந்தார் என்பதோடு முடிந்துவிடுகின்றன. விற்ற பொருள் மூன்றாம் வருடம் என்ன ஆனது என்று எவரும் கேட்பதில்லை.

இரைச்சலை எதிர் அலையால் அடக்கும் யோசனை போஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸுக்கு 1978-ல் விமானத்தில் போகும்போது தோன்றியது. அவருடைய நிறுவனம் அதை விமானிகளின் ஹெட்செட்டாக 1989-லும், பொதுமக்களுக்கு குவயட்கம்ஃபர்ட் என்ற பெயரில் 2000-லும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் கைக்கு வர 22 வருடம். பீட்ஸ் என்ற ஹெட்போன் நிறுவனம் 2006-ல் தொடங்கியது. 2014-ல் ஆப்பிள் அதை 300 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. ஆரம்பத்தில் அதன் ஹெட்போன்களைச் செய்துகொடுத்தது மான்ஸ்டர் என்ற கேபிள் நிறுவனம். பின்னால் வந்தவர்களில் பலர் பிடித்துக்கொண்டது, பிறரிடம் செய்யக் கொடுத்துத் தங்கள் பெயரில் விற்கும் இந்த இரண்டாவது வழியை. 2016-ல் ஐபோன் 7-லிருந்து ஒயரைச் செருகும் ஹெட்போன் ஜாக் போனதும் ஒயரில்லா ஹெட்போன்களுக்குக் கதவு இன்னும் அகலமாகத் திறந்தது.

இன்று ப்ளூடூத், சார்ஜிங், இரைச்சல் நீக்கம் எல்லாம் ஒரே சிப்பில் வருகின்றன. பிளாஸ்டிக் அச்சும் ஒப்பந்தத் தொழிற்சாலையிடம் தயாராக இருக்கிறது. புது நிறுவனம் சேர்ப்பது நிறம், லோகோ, பெட்டி. இதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் அச்சோடு அதன் குறையும் சேர்ந்தே வரும்: ஒரே அச்சில் வார்த்த ஹெட்போன்கள், பெயர் எதுவானாலும், மடிக்கும் கீலில் ஒரே இடத்தில்தான் விரிசல் விடும்.

இயர்பட்ஸில் ஒவ்வொரு பக்கத்துக்கும் பொதுவாக 30 முதல் 60 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி. தினமும் தீர்ந்து நிறைவதால், ஏறக்குறைய 500 சுற்றில் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கிவிடும். போனோடு நேரடித் தொடர்பு வைத்திருக்கும் பக்கம் சில மாடல்களில் முதலில் சோர்ந்துபோகும். மாற்றலாம் என்று திறக்கப் போனால், மூடி பசையால் ஒட்டியிருக்கும் அல்லது உருக்கி இணைத்திருக்கும். சூடு காட்டி மெல்லிய தகட்டால் நெம்பும்போது ஆன்டெனாவின் நாடா கிழிகிறது. காசு வடிவ பேட்டரியின் மேல் நேராகச் சால்டரிங் வைத்தால் அதன் சீல் உருகிப் போகும். கடைசியில் கூலி, புதுசின் விலையை எட்டிவிடுகிறது. பயனரே பேட்டரியைக் கழற்றி மாற்றும்படி கருவிகள் இருக்க வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2027 பிப்ரவரி 18-ல் அமலாகிறது. நனையும் இடத்தில் பயன்படுத்தவும் கழுவவும் ஏற்றபடி செய்த கருவிகளுக்கு அதில் சலுகை உண்டு. அந்தச் சந்தில் எத்தனை பேர் நுழையப் பார்ப்பார்களோ!

‘செத்துவிட்டது’ என்று வருவதெல்லாம் பேட்டரிக் கோளாறும் அல்ல. ஒரு பக்கம் சார்ஜ் ஏறவில்லையா? இயர்பட்ஸிலும் கேஸிலும் உள்ள உலோகப் புள்ளிகளை ஐசோபுரோபைல் ஆல்கஹால் லேசாகத் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். சத்தம் குறைந்தால் பெரும்பாலும் வலையில் அடைத்த காது அழுக்கு. வலை கீழே பார்க்கும்படி பிடித்து உலர்ந்த மென்பிரஷால் தட்டிவிட வேண்டும். ஊசியால் குத்தினால் அழுக்கு உள்ளேதான் போகும். பெட்டியில் போட்டிருக்கும் ஐபிஎக்ஸ் 4 என்ற தரக்குறி தெறிக்கும் தண்ணீருக்கான தேர்வு. வியர்வையின் உப்புக்கு அது பொறுப்பேற்காது. ஈரத்தோடு கேஸில் போட்டால், சார்ஜ் மின்சாரமும் உப்பும் சேர்ந்து புள்ளிகளை அரித்துவிடும்.

ஸ்பீக்கர் பெட்டியில் ‘80 வாட்’ என்று அச்சிட்டிருந்தால் அது பீக்கா (ஒரு கணம் மட்டும் எட்டும் உச்சம்), ஆர்எம்எஸ்ஸா (தொடர்ந்து தரும் அளவு) என்று பாருங்கள். உள்ளே 3.7 வோல்ட், 2000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி என்றால் மொத்தம் 7.4 வாட் மணி. ‘6 மணி நேரம் பாடும்’ என்றும் அதே பெட்டி சொல்கிறதா? அப்படியானால் சராசரியாக எடுப்பது 1.2 வாட் சொச்சம். வாட் இரட்டிப்பானால் ஏறுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு உரக்கத் தோன்ற கிட்டத்தட்ட பத்து மடங்கு வாட் வேண்டும்.

மென்பொருளும் இந்தக் கணக்கில் சேரும். சோனோஸ் என்ற ஸ்பீக்கர் நிறுவனம் 2024 மே மாதம் தன் செயலியைப் புதிதாக்கியபோது, முன்பிருந்த சில வசதிகள் காணாமல் போயின. வாடிக்கையாளர் கோபம் ஆறவில்லை. 2025 ஜனவரியில் தலைமை அதிகாரி பதவி விலகினார். வன்பொருளில் ஒரு திருகுகூட மாறவில்லை.

அடுத்த முறை இப்படி ஒரு நிறுவனத்தைப் பேட்டி எடுக்கும் செய்தியாளர், உத்தரவாதக் காலத்தில் நூற்றுக்கு எத்தனை திரும்பி வந்தன, மென்பொருள் எத்தனை வருடத்துக்குப் புதுப்பிக்கப்படும் என்று கேட்கட்டும். காதுமெத்தை ஒரு ஜோடி தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்பதையும் சேர்த்தே கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஒலிக்கருவி பழுதுநீக்கும் தொழிலாளர்கள்