மறையுரை நேரத்தில் மைக் யார் கையில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வாசகர் பகுதியில் ஒருவர், "நன்றாகப் பேசத் தெரிந்த உபதேசியாரோ பள்ளி ஆசிரியரோ ஞாயிறு பூசையில் பிரசங்கம் வைத்தால் என்ன தவறு?" என்று கேட்டிருந்தார். தர்மபுரி, கிருஷ்ணகிரி கத்தோலிக்கப் பங்குகளில் அடிக்கடி அடிபடும் கேள்விதான் இது. (உபதேசியார் என்பவர் குருவுக்குத் துணையாக மறைக்கல்வி கற்பிப்பவர்.) "வழக்கம் இல்லை", "ஃபாதர் விருப்பம்" என்று சொல்லிச் சமாளிப்பதால் கேட்டவருக்கு எதுவும் விளங்குவதில்லை. திருச்சபைச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது.

1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, பொதுநிலையினர் (திருநிலை பெறாத சாதாரண மக்கள்) கோவிலில் போதிப்பதை அடியோடு தடுத்திருந்தது. இப்போது நடப்பில் உள்ள 1983ஆம் ஆண்டுத் தொகுப்பு அந்தக் கதவைத் திறந்தது. தேவை இருந்தால் பொதுநிலையினரும் கோவிலில் போதிக்கலாம் என்கிறது 766ஆம் சட்டம். ஆனால் அதற்கு அடுத்த சட்டமே எல்லையையும் போட்டுவிட்டது: திருப்பலியில், அதாவது பூசையில், ஆற்றப்படும் மறையுரை (பிரசங்கம்) வழிபாட்டின் ஒரு பகுதி, அது குருவுக்கோ திருத்தொண்டருக்கோ (குருவுக்கு அடுத்த நிலையில் திருநிலை பெற்றவர்) மட்டுமே உரியது. ஆயர் நினைத்தால்கூட இதிலிருந்து விலக்குத் தர முடியாது என்று 1987இல் உரோமை (வத்திக்கான்) விளக்கம் தந்தது. எனவே பங்குத்தந்தையைக் குறை சொல்வதிலோ நெருக்குவதிலோ பயன் இல்லை.

பேச்சுத் திறமையை வைத்துப் போட்ட சட்டம் அல்ல இது. திருப்பலியில் இறைவாக்கும் அப்பமும் ஒரே வழிபாடு. பீடத்தில் அப்பத்தைப் பிட்டுக் கொடுப்பவரே நற்செய்தியையும் பிட்டுக் கொடுக்க வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை. திருப்பலியில் நற்செய்தியைக் குருவோ திருத்தொண்டரோ மட்டும் வாசிப்பதும் இதனால்தான்.

விடுமுறைக்கு ஊருக்கு வரும் குருமாணவரை, "பிரதர், இந்த வாரம் நீங்க பேசுங்க" என்று மேடையேற்றுவது இங்கே சகஜமாகிவிட்டது. 2004இல் வெளியான உரோமை அறிவுரை, குருமாணவருக்கும் இறையியல் படிப்பவருக்கும் இந்தத் தடை பொருந்தும் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அருட்சகோதரிகளுக்கும் இதே நிலைதான். திருத்தொண்டராகத் திருநிலைப்படுத்தப்பட்டவர் தாராளமாக மறையுரை ஆற்றலாம். ஊர்த் திருவிழா நவநாளுக்கு வெளியூர்க் குருவை அழைத்துப் பேச வைப்பதிலும் தவறில்லை; அவரும் கூட்டுத்திருப்பலியில் (குருக்கள் சேர்ந்து நிறைவேற்றும் திருப்பலியில்) நின்றால் போதும்.

சிறுவர் திருப்பலிக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. குழந்தைகளின் மனநிலைக்கு இறங்கிப் பேசக் குருவுக்குச் சிரமமாக இருந்தால், பங்குத்தந்தையின் இசைவோடு பெரியவர் ஒருவர் நற்செய்திக்குப் பின் பேசலாம் என்று 1973ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. இதைக் காட்டிப் பெரியவர்களின் ஞாயிறு திருப்பலியிலும் அப்படிச் செய்துவிடக் கூடாது.

பொதுநிலையினர் சாட்சியம் சொல்லவோ, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபைக்கு உதவி கேட்கவோ நேரம் இல்லையா? இருக்கிறது. திருப்பலிக்கு வெளியே பேசுவதுதான் நல்லது. அவசியம் இருந்தால் திருவிருந்துக்குப் பின் சொல்லப்படும் மன்றாட்டு முடிந்ததும் பேசலாம். பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். நற்கருணை (திருவிருந்து அப்பம்) வாங்கிய மக்கள் மௌனமாக இருக்கும்போதே மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். குரு எழுந்து "மன்றாடுவோமாக" என்று சொல்லி, அந்த மன்றாட்டுக்கு மக்கள் "ஆமென்" சொன்ன பிறகுதான் மற்ற எதுவும். அறிவிப்புக்கும் அதுவே நேரம். வாசக மேடை, வாசகங்களுக்கும் பதிலுரைப் பாடலுக்கும் மறையுரைக்கும் நம்பிக்கையாளர் மன்றாட்டுக்கும் பாஸ்கா புகழுரைக்கும் (உயிர்ப்புத் திருவிழா இரவில் பாடுவது) உரியது. சாட்சியம் சொல்பவருக்கும் அறிவிப்பு வாசிப்பவருக்கும் பாடகர் குழுப் பக்கம் ஒரு தனி மைக் வையுங்கள். ஐந்து நிமிடம் போதும். பேச்சாளர் வருகிறார் என்பதற்காக அன்றைய மறையுரையை விட்டுவிடுவதும் கூடாது. ஞாயிறுகளிலும் கடன் திருநாள்களிலும் (கட்டாயம் திருப்பலிக்கு வர வேண்டிய நாள்கள்), மக்களோடு நடக்கும் எந்தத் திருப்பலியிலும் கனமான காரணம் இன்றி மறையுரையை விடக் கூடாது என்பதும் அதே 767ஆம் சட்டம்தான். கொடியேற்றத்தன்று நன்கொடையாளருக்குப் பொன்னாடை போர்த்துவதெல்லாம் திருப்பலி முடிந்து, கோவிலுக்கு வெளியே.

"ஃபாதர் பேசுவது புரியவில்லை, நீளமாக இருக்கிறது" என்பது வேறு குறை. அது பல இடங்களில் உண்மையும்கூட. மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2024இல் வெளிப்படையாகவே சொன்னார். பங்குப் பேரவையில் மரியாதையோடு இதை எடுத்துச் சொல்ல மக்களுக்கு உரிமை உண்டு. ஆள் மாற்றுவது அதற்கு மருந்து ஆகாது.

உபதேசியாரின் இடம் சிறியது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1997இல் சேலத்திலிருந்து பிரிந்த நம் தர்மபுரி மறைமாவட்டம், மலையும் காடுமாய் இரண்டு மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. எலத்தகிரி, கோவிலூர் போன்ற பழைய கிறிஸ்தவ ஊர்களில் கோவிலும் குருவும் பக்கத்திலேயே உண்டு. தொலைவில் இருக்கும் கிளைப்பங்குகளுக்கு ஒவ்வொரு ஞாயிறும் குரு போய்ச் சேர முடியாது. அங்கே உபதேசியார் நடத்தும் இறைவாக்கு வழிபாடுதான் மக்களைச் சேர்த்து வைக்கிறது. இதற்கான 1988ஆம் ஆண்டு உரோமை வழிகாட்டியை அவர்கள் கையில் கொடுத்துப் பழக்க வேண்டும். நடத்துபவர் குருவின் இருக்கையில் உட்காரக் கூடாது; பீட முற்றத்துக்கு வெளியே தனி நாற்காலி போட்டுக்கொள்ளலாம். "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்று கை விரித்து வாழ்த்துவதும், முடிவில் மக்கள்மீது சிலுவை வரைந்து ஆசி கொடுப்பதும் குருவுக்கும் திருத்தொண்டருக்கும் உரியவை. "ஆண்டவர் நம்மை ஆசீர்வதிப்பாராக" என்று தன்மீதே சிலுவை அடையாளம் வரைந்து முடிக்க வேண்டும். திருப்பலியில் அப்பத்தின்மீதும் இரசத்தின்மீதும் குரு சொல்லும் நற்கருணை மன்றாட்டை எக்காரணம் கொண்டும் சொல்லக் கூடாது. குரு முன்கூட்டியே எழுதித் தரும் மறையுரையை உபதேசியார் வாசிப்பதே சிறந்தது என்கிறது அந்த வழிகாட்டி.

நற்கருணை வாங்கும் முறை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் சிலர் அப்பத்தை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நடந்து போகிறார்கள். கையில் வாங்குபவர், வலக்கைமேல் இடக்கையை விரித்து வைத்து, "ஆமென்" சொல்லி வாங்கி, ஒரு பக்கம் விலகி, கொடுப்பவரின் கண்ணெதிரே வலக்கையால் எடுத்து உண்ண வேண்டும். உள்ளங்கையில் துகள் இருந்தால் அதையும் உண்ண வேண்டும். தொண்டர்கள் இருவர் பக்கத்தில் நின்று இதைக் கவனித்தால் நற்கருணை வெளியே போகாமல் தடுக்கலாம். நற்கருணைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து தண்ணீரும் மருந்தும் தவிர வேறு எதுவும் கூடாது. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும் விலக்கு உண்டு. சிறுவர் முதன்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை நாளில் போட்டோகிராபர் பீடப் படி ஏறாதபடி, எங்கே நிற்க வேண்டும் என்று முந்தின நாளே சொல்லிவிட வேண்டும்.

பங்குத்தந்தையரிடம் ஒரு வேண்டுகோள்: ஞாயிறு மறையுரையை வியாழக்கிழமைக்குள் எழுதிக் கிளைப்பங்கு உபதேசியார்களின் கையில் சேர்த்துவிடுங்கள். சனிக்கிழமை இரவு வாட்ஸப்பில் அனுப்பினால், மலைக் கிராமத்தில் சிக்னல் கிடைக்காமல் அவர்கள் காலையில் வெறுங்கையோடுதான் நிற்பார்கள்.

இப்படிக்கு,
வழிபாட்டுக்குழு உறுப்பினர் ஒருவர்,
கிருஷ்ணகிரி