குழாய் வாயை மட்டும் பார்த்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவன். வேறு ஊர்ச் செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றில் 19 வருஷம் கழிவுநீர்க் குட்டைகளைப் பார்த்துக்கொண்டேன். ஆற்று நீரை அசுத்தப்படுத்தினால் விதிக்கும் அதிகபட்ச அபராதம் 2024-இல் 1 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 மில்லியனாக உயர்ந்தபோது மனம் நிறைந்து சந்தோஷப்பட்டேன். ஆனால் தண்ணீர் கெட்ட பிறகுதானே அபராதம் வரும்? கெடாமல் காக்க வேண்டியது ஆலைக்குக் கொடுக்கும் உரிமம்.

காத்தும் இருக்கிறது. ஆலையிலிருந்து வரும் கழிவுநீர் சூடாக, பழுப்பாக, எண்ணெய் மிதக்க இறங்கும். அதன் பிஓடி, அதாவது அழுக்கைத் தின்னும் கிருமிகள் தண்ணீரிலிருந்து இழுக்கும் பிராணவாயுவின் அளவு, லிட்டருக்கு சுமார் 25,000 மில்லிகிராம். அப்படியே ஆற்றில் விட்டால் மீனுக்கு மூச்சுவிடப் பிராணவாயு மிஞ்சாது. 1978-இல் 5,000 வரை விடலாம் என்றிருந்த வரம்பு, உரிம விதிகளால் படிப்படியாக இறங்கி 1984-இல் 100 ஆனது.

அந்த 100-ஐ எட்டக் கழிவுநீர் குட்டை குட்டையாக வாரக்கணக்கில் நிற்க வேண்டும். கிருமிகள் அழுக்கைத் தின்று தீர்க்க அத்தனை நாள் ஆகும். சேறோ அடியில் ஏறிக்கொண்டே போகும். 15 அடிக் குட்டையில் மூங்கில் கழியை இறக்கிப் பார்ப்பேன். ஒரு வருஷம் ஐந்தடியிலேயே கழி நின்றுவிட்டது. தூர் வார வேண்டும் என்று சொன்னேன். அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம் என்றார்கள். குட்டையில் இடமில்லாததால் தண்ணீர் நிற்க வேண்டிய நாட்களில் பாதிகூட நிற்காமல் வெளியேறியது. பெரிய மழை பெய்த இரவில் கரை வழிந்து பக்கத்து அல்லூரில், அதாவது சிற்றோடையில், இறங்கியது. விடிந்து பார்த்தால் கட்டங்காப்பி நிறம், கெளுத்தி எல்லாம் வயிறு மேலாக. சோதனைக்கு மட்டும் வெயில் காயும் காலையில், கடைசிக் குழாய் வாயில் ஒரு புட்டி எடுத்தார்கள். அதில் குறை தெரியவில்லை. அன்று நான் இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.

எனவே சுற்றுச்சூழல் இலாகாவுக்கு என் வேண்டுகோள். ஒவ்வோர் ஆலையின் உரிமத்திலும் குட்டையின் சேற்று அளவுக்கு ஒரு வரம்பு எழுதுங்கள். ஆலையின் சம்பளம் வாங்காத ஆள் வந்து அதை அளக்கட்டும். வரம்பு தாண்டினால் தூர் வாரும்வரை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டாம். மழை நாளிலும் தண்ணீர் எடுத்துச் சோதியுங்கள். அப்புறம், உரிம நிபந்தனைகளை ஆலை வாசலில் மலாயிலும் தமிழிலும் ஒட்டச் சொல்லுங்கள். அல்லூர் ஓரம் குடியிருப்பவர்கள் அவற்றைப் படிக்க வேண்டும்.

முன்னாள் ஆலைத் தொழிலாளி,
தெலுக் இந்தான், பேராக்