வெள்ளலூருக்குப் போக வேண்டாத குப்பை

ஆசிரியருக்கு வணக்கம்.

கரியமில வாயுவைக் குறைப்பது என்றாலே சோலார், மின்சாரக் கார் என்று பெரிய செலவுகளைத்தான் பேசுகிறோம். எங்கள் கோவையில் அதைவிட எளிதாகத் தொடங்கக்கூடிய இடம் அடுப்படி. காய்கறித் தோலும் மீந்த சோறும் பாலிதீன் பையில் முடிச்சிட்டு வெள்ளலூர்க் குப்பைக் கிடங்குக்குப் போனால், காற்றுப் புகாத குவியலுக்குள் அழுகி மீத்தேனாகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. 2024 ஏப்ரலில் அந்தக் கிடங்கு பற்றியெரிந்தபோது புகையைச் சுவாசித்தது சுற்றுவட்டார மக்கள்தான்.

இந்தக் கழிவை வீட்டிலேயே உரமாக்கலாம். பழைய பெயின்ட் வாளியில் சுற்றிலும் துளை போட்டு, ஒரு கை கழிவுக்கு ஒரு கை தேங்காய் நார்த்தூள் தூவி வந்தால் போதும். பொள்ளாச்சி பக்கத்தில் இருக்கையில் நமக்கு நார்த்தூளுக்கா பஞ்சம்? நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று பொருள். இன்னும் கொஞ்சம் தூள் போட்டுக் கிளறிவிட வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் கறுத்து, உதிரியாக, மண்வாசத்தோடு உரம் கிடைக்கும். மாடித் தொட்டியில் கத்தரிக்கு இதைவிட நல்ல தீனி இல்லை.

அடுத்தது மின்விசிறி. பழைய விசிறி 75 வாட் இழுக்கும்; மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும் பிஎல்டிசி மோட்டார் விசிறிக்கு ஏறக்குறைய 30 வாட்தான். அதிக நேரம் ஓடும் விசிறியை முதலில் மாற்றலாம். வாடகை வீடு என்றாலும் காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாமே.

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்: வண்டி நிறுத்த இடம் ஒதுக்குவதுபோல், பொது உரத்தொட்டிக்கும் ஓர் ஓரத்தை இந்த ஆண்டே ஒதுக்குங்கள்.

- ஒரு வாசகி, சிங்காநல்லூர், கோவை.