மாத்திரையை எப்படிப் போடுகிறீர்கள் என்று ஒருமுறை கேளுங்கள், டாக்டர்

தமிழ்நாட்டில் பொதுநல மருத்துவம் பார்க்கும் டாக்டர்களுக்கு,

வணக்கம். பெரிய ஊர்களில் ஹார்மோன் சிகிச்சைக்கென்றே தனியாகப் படித்த நிபுணர்கள் இருக்கிறார்கள். இந்த மடல் அவர்களுக்கு இல்லை. எங்கள் ஊர் மாதிரி ஊர்களில் சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளினிக்கைத் திறந்து, எண்பது டோக்கன் பார்த்து முடித்து, பத்தரை மணிக்கு மேல் சாப்பிடப் போகும் உங்களுக்குத்தான் எழுதுகிறேன். காய்ச்சலுக்கும் உங்களிடம்தான் வருகிறோம், தைராய்டுக்கும் உங்களிடம்தான் வருகிறோம். எங்களில் பெரும்பாலோர் நிபுணரைப் பார்க்காமலே காலத்தை ஓட்டிவிடுகிறோம். அதனால் நீங்கள் கேட்கிற கேள்வியும் கேட்காமல் விடுகிற கேள்வியும் எங்கள் உடம்பில் வருஷக்கணக்கில் தங்கிவிடுகின்றன.

என் கதையைச் சொல்கிறேன். 2011இல் எனக்குத் தைராய்டு சுரப்பு குறைவு என்று தெரிந்தது. 50 பவர் மாத்திரையில் ஆரம்பித்தார்கள். மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். 14 என்று வந்தது. தைராய்டு சுரப்பு குறைந்தால் ஏறும், கூடினால் இறங்கும் எண் அது. 75 ஆக்கினார்கள். அடுத்த முறை 11. மாத்திரை 100 ஆனது. அதற்கடுத்து 9. மாத்திரை 125 ஆனது. ஒவ்வொரு முறையும் டாக்டர் ரிப்போர்ட்டைப் பிரித்து, தடித்த எழுத்தில் இருந்த அந்த ஓர் எண்ணைப் பார்த்து, டோஸை ஏற்றி எழுதினார். என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?” “போடுறேன் டாக்டர்” என்றேன். அது பொய் இல்லை. ஒரு நாள்கூட விட்டதில்லை.

எப்படிப் போட்டேன் என்று சொல்ல எனக்கும் தோன்றவில்லை, அவரும் கேட்கவில்லை. மாத்திரைப் புட்டி அடுப்புக்கு மேலே ஷெல்ஃபில் டிகாஷன் ஃபில்டருக்குப் பக்கத்தில் இருக்கும். காலையில் பால் பொங்கி வரும்போது ஒரு மாத்திரையை எடுத்து, முதல் வாய்க் காபியோடு விழுங்குவேன். நெஞ்செரிச்சலுக்குக் கொடுத்த கேஸ் மாத்திரையையும் வெறும் வயிற்றில்தான் போடச் சொல்லியிருந்தார்கள். அதையும் கூடவே போட்டுவிடுவேன். டிபன் முடிந்ததும் முட்டி வலிக்கு எழுதிய கால்சியம் மாத்திரை. எல்லாமே டாக்டர்கள் எழுதிக் கொடுத்தவை. எல்லாவற்றையும் ஒழுங்காகச் சாப்பிட்ட திருப்தி எனக்கு. காபி, கேஸ் மாத்திரை, கால்சியம் மூன்றுமே தைராய்டு மாத்திரையில் இருக்கும் தைராக்சினை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறவை என்று எனக்குத் தெரியாது.

கண்டுபிடித்தது மருந்துக்கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு தம்பி. சீட்டில் இருந்த மூன்று மருந்துகளையும் மேஜையில் வரிசையாக வைத்துவிட்டு, “அக்கா, இத எப்ப போடுறீங்க, இத எப்ப போடுறீங்க?” என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. தைராய்டு மாத்திரையை எழுந்ததும் வெறும் தண்ணீரில் போட்டு, ஒரு மணி நேரம் காபிகூட இல்லாமல் இருக்க வேண்டும். கால்சியமோ இரும்புச்சத்து மாத்திரையோ இருந்தால் நாலு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும். கேஸ் மாத்திரை தொடர்ந்து தேவைதானா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். புட்டியை அடுப்புச் சூட்டில் வைக்கக் கூடாது. இரண்டு நிமிஷம் ஆனது அவருக்கு.

அதன்படி செய்தேன். ஏழாவது வாரம் கோலம் போடும்போது கை நடுங்கிப் புள்ளி விலகியது. ராத்திரி படுத்தால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. ரத்தம் கொடுத்துப் பார்த்தால் டி.எஸ்.எச். 0.03. பாதி உடம்பில் சேராமலே போய்க்கொண்டிருந்த 125, இப்போது முழுசாகச் சேர ஆரம்பித்துவிட்டது. அதை அப்படியே விட்டிருந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகியிருக்கலாம், எலும்பு தேய்ந்திருக்கலாம். 75க்குக் குறைத்தார்கள். இன்று வரை அதே 75தான். நாலு வருஷம் டோஸை ஏற்றிக்கொண்டே போனது எதற்காக என்று நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

2013இல் வெளியான ஓர் ஆய்வில் சென்னை உட்பட எட்டு நகரங்களில் 5,000க்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதித்தார்கள். ஏறத்தாழ 100 பேரில் 11 பேருக்குத் தைராய்டு சுரப்பு குறைவாக இருந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு, அன்றுவரை அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. உங்கள் எண்பது டோக்கனில் எத்தனை பேர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

என் கதை சின்னது. என் அண்ணியின் கதைக்காகத்தான் இந்த மடலையே எழுத உட்கார்ந்தேன்.

2010இல் அண்ணிக்கு இரண்டாவது பிரசவம். உதிரப்போக்கு நிற்காமல் நாலு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். உயிர் பிழைத்ததே பெரிது என்று வீட்டுக்குக் கூட்டி வந்தோம். பால் சுரக்கவே இல்லை. பூண்டு, சுறாப்புட்டு என்று அம்மா என்னென்னவோ செய்து போட்டார், ஒரு சொட்டு வரவில்லை. மாதவிலக்கும் திரும்ப வரவில்லை. புருவம் உதிர்ந்தது. சித்திரை வெயிலிலும் போர்வை கேட்பார். பிள்ளையைத் தூக்கக்கூடத் தெம்பு இல்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். “ரத்தம் நிறையப் போச்சுல்ல, அதான் அசதி” என்று நாங்களே சொல்லிக்கொண்டோம்.

ஏழு வருஷத்தில் ஐந்து டாக்டர்களைப் பார்த்தோம். ஐந்து பேருமே தைராய்டைச் சந்தேகப்பட்டார்கள், அதற்கு நன்றி. ஐந்து பேரும் எழுதிக் கொடுத்தது டி.எஸ்.எச். மட்டும். ஒவ்வொரு முறையும் இரண்டு, இரண்டரை என்றே வந்தது. “தைராய்டெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, நார்மல். மனசைத் தளரவிடாதீங்க.” கடைசியில் மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தார்கள். சோம்பேறி என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். என் வாயிலிருந்தும் ஒருமுறை அந்த வார்த்தை வந்தது. அதற்கு அண்ணியின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

2017இல் ஒரு கல்யாண வீட்டில் வாந்தி எடுத்து மயங்கி விழுந்தார். ரத்த அழுத்தம் தரைமட்டத்துக்கு இறங்கி, உப்புச்சத்தும் குறைந்திருந்தது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்தோம். ராத்திரி டியூட்டியில் இருந்த ஹவுஸ் சர்ஜன் பொண்ணு ஒருத்தர், இருபத்துமூன்று வயசு இருக்கும், குளுக்கோஸ் போட்டுக்கொண்டே கேட்டார்: “கடைசிப் பிரசவத்துல ரத்தம் நிறைய போச்சா? பிள்ளைக்குப் பால் கொடுத்தீங்களா?”

ஏழு வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

அடுத்த நாள் பெரிய டாக்டர் எங்களுக்கு விளக்கினார். தைராய்டு சுரப்பி வேலையாள், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி மேஸ்திரி. வேலையாள் சுணங்கினால் மேஸ்திரி சத்தம் போடுவார். டி.எஸ்.எச். என்பது அந்தச் சத்தம். வேலை எவ்வளவு நடந்திருக்கிறது என்பதை அது நேராகக் காட்டாது. பிரசவத்தில் அளவுக்கு மீறி ரத்தம் போனால் மேஸ்திரியே அடிபட்டுப் போகலாம். அப்போது சத்தமும் ஏறாது, வேலையும் நடக்காது. வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு எல்லாம் அமைதியாக, நார்மலாகத் தெரியும். ஷீஹன் நோய் என்று இதற்குப் பெயர். ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்று நேராகக் காட்டும் ஃப்ரீ டி4 என்ற இன்னொரு பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்திருந்தால் முதல் வருஷமே சந்தேகம் வந்திருக்கும். அண்ணிக்கு அது அடிமட்டத்தில் இருந்தது. உடம்புக்கு அவசியமான கார்ட்டிசோல் என்ற இன்னொரு ஹார்மோனும் இல்லை. அதற்கான மாத்திரையை முதலில் கொடுத்துவிட்டு, பிறகுதான் தைராக்சின் ஆரம்பித்தார்கள். வரிசை மாறினால் உயிருக்கே ஆபத்தாம். மூன்றாவது மாதம் அண்ணி தானாக எழுந்து தலைக்குக் குளித்துவிட்டு வந்து நின்றதைப் பார்த்து அண்ணன் அழுதார்.

உங்களுக்கு இது பாடப் புத்தகத்தில் படித்ததுதான். அரிதான நோய் என்பதும் தெரியும். ஆனால் டி.எஸ்.எச். நார்மலாக இருந்தும் ஒரு பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்றால், அந்த எண்ணை நம்புவதா அவளை நம்புவதா என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எல்லா அசதிக்கும் தைராய்டுதான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. மாத்திரை போட்டு எண் சரியான பிறகும் சிலருக்கு அசதியும் முடி கொட்டுவதும் தொடர்கின்றன. அங்கேயும் தேட வேண்டியது இருக்கிறது. ரத்தசோகை, பி12 குறைவு, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, மாதவிலக்கு நிற்கும் காலம் என்று ஏதாவது இருக்கலாம். “உங்க தைராய்டு சரியா இருக்கு, வேற என்னன்னு பார்ப்போம்” என்று நீங்கள் சொன்னால் எங்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா? அதே மாதிரி, எழுபது வயசுப் பாட்டிக்கு டி.எஸ்.எச். 6 என்று வந்ததுமே ஆயுளுக்கும் மாத்திரை எழுத வேண்டியதில்லை. 65 வயதைத் தாண்டியவர்களிடம் நடத்தி 2017இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், அப்படி லேசாக ஏறியிருப்பவர்களுக்கு மாத்திரையால் அசதி குறையவில்லை என்றுதான் வந்தது.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இப்போது நிறைய. என் அக்கா மகளும் சாப்பிட்டாள். அது பல லேப் பரிசோதனைகளைக் குழப்பிவிடும். அவளுக்குத் தைராய்டு அதிகமாகச் சுரப்பதாக ரிப்போர்ட் வந்து வீடே பயந்துபோனது. பயோட்டினை நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தால் எல்லாம் சரி. ரத்தம் எடுக்க அனுப்பும்போதே கேட்டிருக்கலாம்.

இன்னொன்று, எங்கள் தெருவிலேயே மூன்று பேர் செய்தது: ரிப்போர்ட் நார்மல் என்றதும் மாத்திரையை விட்டுவிட்டார்கள். காய்ச்சல் மாத்திரை மாதிரி நினைத்துவிட்டார்கள். “மாத்திரை போடுறதாலதான் நார்மல்” என்று யாரும் சொல்லவில்லை. டோஸ் மாற்றினால் ஆறு வாரமாவது கழித்துத்தான் பரிசோதிக்க வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. பத்தாவது நாளே லேபுக்கு ஓடிக் காசைக் கரைக்கிறார்கள். கர்ப்பம் என்று தெரிந்ததுமே டோஸைப் பார்க்க வர வேண்டும் என்பதை, இந்த மாத்திரை போடும் கல்யாணமான பெண்கள் எல்லோரிடமும் தயவுசெய்து முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முதல் மூன்று மாதம் குழந்தையின் மூளை தாயின் சுரப்பை நம்பித்தான் வளர்கிறது என்கிறார்கள். அடுத்த செக்கப் வரட்டும் என்று காத்திருந்தால் அந்த மூன்று மாதம் போய்விடும்.

உங்களுக்கு நேரம் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களும் நாங்கள்தான், உள்ளே போனவர் எப்போது வருவார் என்று எட்டிப் பார்ப்பவர்களும் நாங்கள்தான். டோக்கன் கொடுக்கும் சிஸ்டரே கேட்டு எழுதி வைக்கட்டும்: தைராய்டு மாத்திரையை எத்தனை மணிக்கு, எதோடு போடுகிறார்கள், வேறு என்ன மாத்திரை, சத்து மாத்திரை உட்பட. பெண்களாக இருந்தால் பிரசவம் எப்படி இருந்தது என்று ஒரு வரி. அந்தத் தாளைப் பார்த்துவிட்டு டோஸ் எழுதுங்கள். எண் நார்மலாக இருந்தும் ஆள் சரியில்லை என்றால் ஃப்ரீ டி4 எழுதிக் கொடுங்கள். கூடக் கொஞ்சம் காசு ஆகும், நாங்கள் கட்டிவிடுகிறோம். ஏழு வருஷம் ஐந்து டாக்டருக்கு நாங்கள் செலவு செய்ததில் அது எந்த மூலைக்கு?

அண்ணி இப்போது மகன் படிப்புக்காக வேறு ஊருக்குக் குடிபோகிறார். அங்கே யாரோ ஒரு புது டாக்டரிடம் மாத்திரை எழுதி வாங்கப் போவார். தைராக்சின் போட ஆரம்பித்த பிறகு அண்ணிக்கு டி.எஸ்.எச். எப்போது பார்த்தாலும் 0.1க்குக் கீழேதான் இருக்கும். மேஸ்திரி அடிபட்டுப் போனதால் அப்படி. அதைப் பார்த்து டோஸ் அதிகம் என்று நினைத்து ஏற்கெனவே இரண்டு பேர் மாத்திரையைக் குறைத்து, அண்ணி மறுபடி போர்வைக்குள் சுருண்டிருக்கிறார். அதனால் நோயின் பெயர், மாத்திரை விவரம், “டி.எஸ்.எச். பார்த்து டோஸ் மாற்ற வேண்டாம், ஃப்ரீ டி4 பார்க்கவும்” என்ற வரி, எல்லாவற்றையும் எழுதி லேமினேட் செய்த ஓர் அட்டை அவருடைய பர்ஸில் இருக்கிறது. ரொம்பப் பேச மாட்டார், அட்டையை மேஜையில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். அந்த டாக்டர் நீங்களாக இருந்தால், பேனாவை எடுப்பதற்கு முன்னால் அதைப் படித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பதினான்கு வருஷமாகத் தைராய்டு மாத்திரை போடும் ஒரு நோயாளி
திண்டுக்கல் மாவட்டம்